மூன்று பேர் சாப்பிட்ட கிண்ணம்

என் மனைவியின் மருத்துவமனைக் கோப்பில், பதினேழாம் பக்கத்தில் ஒரு வரி இருந்தது. "நோயாளி உணவு ஆலோசனையைப் பின்பற்றவில்லை." அவள் இறந்து இரண்டு வாரம் கழித்துக் கோப்பின் நகலை வாங்கி வந்தபோதுதான் அதைப் பார்த்தேன். மற்ற பக்கங்களில் எல்லாம் எண்கள். எண்களோடு எனக்குச் சண்டை இல்லை. அந்த வரியோடு மட்டும் என்னால் ஒரே வீட்டில் இருக்க முடியவில்லை.

என் மனைவி தையல்காரி. எதிரே நிற்கிற ஆளின் அளவு பார்த்தவுடனே தெரிந்தாலும், டேப்பை வைக்காமல் கத்தரிக்கோலைத் தொட மாட்டாள். எட்டு மணிக்கு மாத்திரை என்று சொன்னால், ஏழு ஐம்பத்தெட்டுக்கே தண்ணீர் டம்ளரோடு கடிகாரத்தின் முன்னால் போய் நிற்பாள். அவளைப் பற்றித்தான் இப்படி எழுதி, கீழே ஒரு கையெழுத்தும் போட்டிருந்தார்கள்.

அவளுக்குச் சர்க்கரை நோய் என்று தெரிந்ததும் மருத்துவமனையின் உணவு ஆலோசனைப் பிரிவில் ஒரு தாள் கொடுத்தார்கள். "காலை: சத்து செறிவூட்டிய தானிய உணவு, பச்சை முத்திரை பெற்றது, ஒரு கிண்ணம், பாலுடன்." கடைக்குப் போனோம். பச்சை முத்திரை பெற்ற தானிய உணவு அங்கே ஒன்றே ஒன்றுதான் இருந்தது. சாக்லேட். அட்டைப்பெட்டியின் மேல் ஒரு கரடி தன் புஜத்தை மடக்கிக் காட்டிக்கொண்டிருந்தது. பன்னிரண்டு வைட்டமின்கள், தாதுக்கள் என்று அதன் தலைக்கு மேல் எழுதியிருந்தது.

முதல் நாள் ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு அவள் கரண்டியைக் கீழே வைத்தாள்.

"ஏங்க, இது தித்திக்குதே. சுகர்காரி சாப்பிடலாமா இதை?"

"முத்திரை போட்டிருக்கான்ல. தெரியாமலா போடுவான்?" என்றேன்.

அதைச் சொன்னது நான்தான். இதை முதலிலேயே எழுதிவைத்துவிடுகிறேன். பிறகு வருகிறவர்கள் யாரும் தாங்கள் சொன்னதை ஒப்புக்கொள்ளப் போவதில்லை.

பதினான்கு மாதம் சாப்பிட்டாள். ஒரு நாள் வலது கால் கட்டைவிரலுக்குக் கீழே ஒரு புண் வந்தது. கால் பிரிவில் காட்டச் சொன்னார்கள். கால் பிரிவில் பதினோரு வாரம் கழித்து ஒரு தேதி கொடுத்தார்கள். அந்தத் தேதியை அவள் சாக்பீஸால் தையல் மெஷினின் பலகையில் எழுதி வைத்திருந்தாள். அது வருவதற்கு எட்டு நாள் இருக்கும்போது போய்விட்டாள்.

எனக்கு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. சில்லைத் தேய்த்துச் சட்டத்தில் பொருத்துவேன். எங்கள் கடைச் சுவரில் இருக்கும் எழுத்து அட்டையின் கடைசி வரியை ஒருவர் படித்துவிட்டால், உங்களுக்குக் கண்ணாடி வேண்டாம் என்று அனுப்பிவிடுவோம். அந்த அட்டைப்பெட்டியின் பக்கவாட்டில் இருந்த எழுத்து அதைவிடப் பொடி. வேலைக்கு வைத்திருக்கும் பூதக்கண்ணாடியைக் கண்ணில் இடுக்கிக்கொண்டு முதன்முறையாக அதைப் படித்தேன். நூறு கிராமில் சர்க்கரை முப்பத்தைந்து கிராம். ஒரு வேளைக்கு ஒரு கிண்ணம், அதாவது முப்பது கிராம்.

எங்கள் வீட்டுக் கிண்ணத்தை எடுத்தேன். எந்தக் கடையிலும் கிடைக்கிற கிண்ணம்தான். அவள் நிரப்புகிற மாதிரி விளிம்புக்கு ஒரு விரல் கீழே வரை நிரப்பி, தெருமுனைக் கடைத் தராசில் வைத்தேன். தொண்ணூறு கிராம். எட்டுத் தேக்கரண்டிச் சர்க்கரை. தினமும், சரியாக ஏழரை மணிக்கு, தாளில் சொன்னபடி.

மருத்துவமனைக்குத் தனியாகப் போகத் தைரியம் இல்லை. கொழுந்தியாளைக் கூட்டிக்கொண்டு போனேன். அவள் பஸ் கண்டக்டர். அறுபது பேர் நெரிகிற வண்டியில் டிக்கெட் எடுக்காத ஒருவனைக் குரலாலேயே இறக்கிவிடுகிறவள்.

உணவு ஆலோசகர் கோப்பைப் புரட்டினார். "எந்த வரிங்க சார்? ஓ, இதுவா. இது வழக்கமா எழுதறதுதான்."

"அவ பின்பற்றினா மேடம். ஒரு நாள்கூட விடல."

"பின்பற்றியிருந்தா சுகர் இறங்கியிருக்கணும். இறங்கல. அப்போ பின்பற்றலைன்னுதானே ஆகுது? நாங்களா எதையும் எழுதறதில்ல சார். ரிசல்ட்தான் எழுதுது."

"எங்க அக்கா நீங்க குடுத்த பேப்பரை லேமினேட் பண்ணிச் சுவத்துல மாட்டி வெச்சிருந்தா" என்றாள் கொழுந்தியாள்.

"லேமினேட் பண்ணச் சொல்லி அதுல எழுதியிருந்துச்சாம்மா?"

கொழுந்தியாள் வாயைத் திறப்பதற்குள் நான் கிண்ணத்தை மேசைமேல் வைத்து, தராசு விவகாரத்தைச் சொன்னேன். ஆலோசகர் கிண்ணத்தைத் தொடவில்லை.

"கிண்ணம் எங்க டிபார்ட்மெண்ட் இல்ல. வாரியம்தான். அவங்க அளவுப்படிதான் சாப்பிட்டாங்கன்னு ஊட்டச்சத்து அங்கீகார வாரியத்துல ஒரு சான்றிதழ் வாங்கிட்டு வாங்க. அடுத்த நிமிஷம் இந்த வரியை அடிச்சிடறேன். எனக்கென்ன, உங்க சம்சாரம் மேல கோபமா?"

வாரியத்துக்குப் போனோம். வாசலில் காவலாளி ஆளுக்கு ஒரு காகிதக் கோப்பையில் சாக்லேட் தானியத்தைக் கொடுத்து, சாப்பிட்டுக் கையெழுத்துப் போட்டால்தான் உள்ளே விடுவேன் என்றார். வெறும் வயிற்றோடு யாரும் வாரியத்துக்குள் நுழையக்கூடாதாம். நான் சாப்பிட்டேன். அவள் பதினான்கு மாதம் சாப்பிட்டதை அன்றுதான் நான் முதல்முறையாக வாயில் வைத்தேன். நன்றாகத்தான் இருந்தது. அதுதான் கஷ்டமாக இருந்தது.

பத்து மணிக்கு மணி அடித்தது. கூடத்தில் இருந்த அத்தனை பேரும் எழுந்து நின்றார்கள். ஒருவர் அட்டைப்பெட்டியைத் தலைக்கு மேல் உயர்த்திப் பிடிக்க, மற்றவர்கள் பக்கவாட்டு எழுத்தை மனப்பாடமாக ஒப்பித்தார்கள். தயமின் என்றார்கள். ரிபோஃபிளேவின் என்றார்கள். நியாசின் என்றபோது சிலர் கண்களை மூடிக்கொண்டார்கள். இரும்பு என்றதும் எல்லோரும் நெஞ்சில் கை வைத்தார்கள். அடுத்து திடீரென்று சத்தம் நின்றது. மின்விசிறி சுற்றுவது மட்டும் கேட்டது. பிறகு கால்சியத்தில் மறுபடி தொடங்கினார்கள்.

"நடுவுல ஏன் நிறுத்தினாங்க?" என்று காவலாளியிடம் மெல்லக் கேட்டேன்.

"அது சர்க்கரை வரி சார். அதை மனசுக்குள்ளதான் படிக்கணும். ஆரம்பத்துலேர்ந்தே அப்படித்தான்."

பிரிவு அலுவலர் என் மனுவை இரண்டு முறை படித்தார். கணக்குப்பொறியில் எதையோ தட்டினார். பிறகு எழுந்து போய், கதவுக்கு வெளியே எட்டிப் பார்த்துவிட்டு வந்தார்.

"மத்த ரெண்டு பேர் எங்க?"

"யார் சார்?"

"தொண்ணூறு கிராம்னு எழுதியிருக்கீங்க. ஒருத்தருக்கு ஒரு வேளை முப்பது கிராம். அப்போ அந்தக் கிண்ணத்துல சாப்பிட்டது மூணு பேர். ஒருத்தர் தவறிட்டாங்க, வருத்தமான விஷயம். மத்த ரெண்டு பேர் வந்து கையெழுத்துப் போடணுமில்ல?"

"ஒருத்திதான் சார் சாப்பிட்டா."

"அது முடியாது. ஒரு வேளைன்னா முப்பது கிராம். விதி நாலு. முடியாததை உங்க சம்சாரம் எப்படிச் செஞ்சிருப்பாங்க? அவங்க விதியை மீறினாங்கன்னு நீங்களே சொல்றீங்களா?"

நான் அவசரமாகத் தலையாட்டி மறுத்தேன்.

கொழுந்தியாள் முன்னால் வந்தாள். "சார், குண்டா ஒரு ஆள் என் பஸ்ல ஏறி ரெண்டு சீட்டை அடைச்சுக்கிட்டு உக்காந்தாலும் நான் ஒரு டிக்கெட்தான் கிழிப்பேன். அவரை ரெண்டு பேருன்னு எழுதினா என்னை அன்னைக்கே வேலையை விட்டுத் தூக்கிடுவாங்க."

"அது போக்குவரத்தும்மா. இது ஊட்டச்சத்து" என்றார் அலுவலர். அவர் குரலில் கோபமே இல்லை. "படிவம் முழுமையா இருந்தாத்தான் விசாரணைக்குப் போகும். வர முடியாதவங்களுக்குப் பதிலா பாதுகாவலர் கையெழுத்துப் போடலாம். அந்த வசதியும் வெச்சிருக்கோம்."

அவளுடைய வரியை அடிக்க வேண்டும். அதற்காக எதிலும் கையெழுத்துப் போடுகிற நிலையில் நான் இருந்தேன். இரண்டாம் நபருக்கு நான் பாதுகாவலன். மூன்றாம் நபருக்குக் கொழுந்தியாள். வயது என்ற இடத்தில் தெரியவில்லை என்று எழுதச் சொன்னார். ஆணா பெண்ணா என்ற இடத்திலும் தெரியவில்லை. விலாசம் மட்டும் கண்டிப்பாக வேண்டும் என்றார். என் வீட்டு விலாசத்தைக் கொடுத்தேன்.

"பாருங்க, எவ்வளவு சுலபமா முடிஞ்சிருச்சு" என்றார்.

ஐந்து வாரம் கழித்து விசாரணை. நீள மேசைக்குப் பின்னால் ஏழு உறுப்பினர்கள், நடுவில் இயக்குநர். இந்தப் பக்கம் நானும் கொழுந்தியாளும். எங்கள் பக்கத்தில் இரண்டு காலி நாற்காலிகள். அவற்றுக்கு முன்னாலும் தண்ணீர் வைத்திருந்தார்கள்.

முதலில் தலைமை விஞ்ஞானி எழுந்தார். மதிப்பெண் முறையை விளக்கினார். சேர்க்கிற ஒவ்வொரு வைட்டமினுக்கும் தாதுவுக்கும் பத்து மதிப்பெண் கூடும். ஒவ்வொரு கிராம் சர்க்கரைக்கும் ஒரு மதிப்பெண் குறையும். பூஜ்யத்துக்கு மேல் நின்றால் பச்சை முத்திரை. "பன்னிரண்டு சத்துக்கள், நூற்றிருபது. சர்க்கரை முப்பத்தைந்து. மிச்சம் எண்பத்தைந்து. எங்கள் வரலாற்றிலேயே இது மிக உயர்ந்த தேர்ச்சிகளில் ஒன்று."

நான் கையைத் தூக்கினேன். "அப்போ, வெறும் சர்க்கரையை நூறு கிராம் எடுத்து அதுமேல பன்னிரண்டு சத்தைத் தெளிச்சா?"

விஞ்ஞானியின் முகம் மலர்ந்தது. "இருபது மதிப்பெண். அருமையான கேள்வி. அப்படி ஒரு விண்ணப்பம் இப்போது பரிசீலனையில் இருக்கிறது."

அடுத்து அவர் ஒரு கண்ணாடிக் குவளையில் தானியத்தைப் பொடித்துத் தண்ணீர் ஊற்றிக் கலக்கி, ஒரு காந்தத்தை உள்ளே விட்டு எடுத்தார். காந்தத்தின் நுனியில் கறுப்பாகப் பூனைமயிர் போல ஏதோ ஒட்டியிருந்தது. "இரும்பு! நிஜமான இரும்பு!" ஏழு பேரும் கைதட்டினார்கள். ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"எங்க பஸ் பம்பரைச் சுரண்டினாலும் அதுதான் வரும்" என்று கொழுந்தியாள் என் காதில் சொன்னாள். அது என் காதோடு நிற்கவில்லை.

இயக்குநர் எழுந்தார். வயதானவர், மெதுவாகப் பேசுகிறவர், நல்ல குரல்.

"துயரத்தில் இருக்கிறீர்கள். ஆகவே உங்கள் உறவினரின் பேச்சை நான் பெரிதுபடுத்த மாட்டேன். ஒன்றைப் புரிந்துகொள்ளுங்கள். மக்கள் சத்தை விரும்புவதில்லை, இனிப்பை விரும்புகிறார்கள். ஆகவே சர்க்கரை என்பது சத்து ஏறி வருகிற வாகனம். வண்டி கொஞ்சம் பெரிதாக இருக்கிறது என்று பயணியைக் குறை சொல்லலாமா? எங்கள்மீது சிலர் பழி சொல்கிறார்கள். இந்தக் கட்டடத்தைத் தானிய உற்பத்தியாளர்கள் கட்டிக் கொடுத்தார்கள் என்கிறார்கள். உண்மைதான். அந்த நன்றியை நாங்கள் ஒரு நாளும் எங்கள் முடிவுகளில் கலந்ததில்லை. ஆண்டறிக்கையின் முதல் பக்கத்தில் தனியாகத்தான் வைத்திருக்கிறோம். வாரியம் தொடங்கிய நாளிலிருந்து ஒரு புகாரைக்கூட நாங்கள் நிராகரித்ததில்லை. முழுமையடைந்த படிவம் வந்தால்தானே நிராகரிப்பதற்கு? உங்களுடையதுதான் முதல் முழுமையான படிவம். அதற்காக உங்களை மனமாரப் பாராட்டுகிறேன்."

மறுபடி கைதட்டினார்கள். நானும் தட்டினேனா என்று நினைவில்லை. தட்டியிருப்பேன் என்று கொழுந்தியாள் சொல்கிறாள்.

பிறகு வாரியத்தின் அளவுக் கிண்ணம் வந்தது. வெல்வெட் விரித்த தட்டில் வைத்து, வெள்ளைக் கையுறை போட்ட ஒருவர் கொண்டுவந்தார். முப்பது கிராம் என்பது இந்தக் கிண்ணத்தின் கொள்ளளவு. நாட்டில் எந்தப் பெட்டியில் ஒரு கிண்ணம் என்று அச்சடித்தாலும் அது இதுதான்.

இயக்குநர் அதன் வரலாற்றைச் சொன்னார். வாரியத்தின் முதல் கூட்டத்துக்குப் பாத்திரங்கள் வந்து சேரவில்லை. உறுப்பினர்கள் மாதிரியைச் சுவைக்கக் காத்திருந்தார்கள். முதல் தலைவர் தயங்கவே இல்லை. தம் மேசைமேல் இருந்த கிண்ணத்தை எடுத்துக் குப்பைக்கூடையில் கவிழ்த்து, தம் கைக்குட்டையாலேயே துடைத்து, அதில் தானியத்தை நிரப்பி, "ஒரு கிண்ணம்" என்று அறிவித்தார்.

"மகத்தான மனிதர்" என்றார் இயக்குநர். "கடைசியில் நுரையீரல் நோயில்தான் போனார். ஆனால் காலை உணவில் மிகவும் கவனமாக இருந்தவர்."

தொடக்கூடாது என்றார்கள், பார்க்கலாம் என்றார்கள். பையிலிருந்து பூதக்கண்ணாடியை எடுத்துக் கண்ணில் இடுக்கிக்கொண்டு குனிந்தேன். தடித்த கண்ணாடி. உயரமே இல்லை. அடியில் பழுப்பாக ஒரு தீய்ந்த வட்டம். விளிம்பில், ஒரே இடைவெளியில், சுண்டுவிரல் படுக்கிற அளவுக்கு மூன்று பள்ளங்கள்.

"இந்தப் பள்ளம் எதுக்குங்க ஐயா?"

"கரண்டியைச் சாய்த்து வைக்க."

"மூணு கரண்டியா?"

நான் பூதக்கண்ணாடியைக் கண்ணிலிருந்து எடுத்தேன். எனக்குக் கோபம்கூட வரவில்லை. கண்ணாடியைத் தேய்த்தே வயிறு வளர்த்தவனுக்குக் கண்ணாடிச் சாமான் தெரியாதா?

"ஐயா, இது சாம்பல் கிண்ணம். சிகரெட்டுச் சாம்பல் தட்டறது. பள்ளம் சிகரெட்டை வைக்க."

ஒரு உறுப்பினர் முகத்தில் ஏதோ ஒன்று வந்து போனது. அவர் பக்கத்தில் இருந்தவரைப் பார்த்தார். பக்கத்தில் இருந்தவர் இயக்குநரைப் பார்த்தார். இயக்குநர் கிண்ணத்தைப் பார்த்தார். எதிரே இருந்த காலி நாற்காலிகளைக்கூட ஒரு முறை பார்த்தார்.

"இது ஒரு கருத்து" என்றார் கடைசியில். "வாரியம் கருத்துகளை மதிக்கிறது. வாக்கெடுப்புக்கு விடுகிறேன். இது கிண்ணம் என்பவர்கள் கையை உயர்த்தலாம்."

ஏழு கைகள் உயர்ந்தன. கையுறைக்காரரும் உயர்த்தினார், அவருக்கு வாக்கு இல்லை என்று சொல்லி இறக்க வைத்தார்கள். ஒருமனதாக அது கிண்ணம் ஆயிற்று.

தீர்ப்பும் அப்போதே வந்தது. "மேற்படி மூவரும் தலா முப்பது கிராம் மட்டுமே உட்கொண்டனர் என வாரியம் திருப்தியடைகிறது. மூவருமே உணவு ஆலோசனையைத் தவறாமல் பின்பற்றியுள்ளனர்." தடித்த காகிதம், தங்க விளிம்பு, பச்சை முத்திரை. கூடவே, மூவருக்கும் ஆளுக்கொரு தானியப் பெட்டி.

பெட்டிகளைக் கொழுந்தியாள் அந்தக் காலி நாற்காலிகள் மேலேயே வைத்துவிட்டு வந்தாள்.

உணவு ஆலோசகர் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். சான்றிதழைப் படித்தார், பதினேழாம் பக்கத்தைத் திறந்தார், ஸ்கேலை வைத்துச் சிவப்பு மையால் அந்த வரியை அடித்தார், ஓரத்தில் சுருக்கொப்பமும் போட்டார். நான் அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டு நின்றேன். துணியில் அவள் போடுகிற சாக்பீஸ் கோடு போல நேராக இருந்தது. அவ்வளவுதான். எனக்கு வேண்டியது அவ்வளவுதான். நன்றி சொன்னேன். நிஜமாகவே சொன்னேன்.

"ஒரு நிமிஷம் சார்" என்றார் ஆலோசகர். சான்றிதழை மறுபடி படித்துக்கொண்டிருந்தார். "மூணு பேர்னு போட்டிருக்கே. மத்த ரெண்டு பேருக்கு எங்ககிட்ட கோப்பே இல்லையே."

"அவங்க..." என்று தொடங்கினேன். அவங்க இல்லை என்று சொன்னால் சான்றிதழ் பொய்யாகும். சான்றிதழ் பொய்யானால் அந்தக் கோடும் போய்விடும். வாயை மூடிக்கொண்டேன்.

"அதே கிண்ணத்துல சாப்பிட்ட ஒருத்தர் இறந்திருக்காங்க. அப்போ இவங்க ரெண்டு பேரும் ஆபத்துல இருக்காங்க சார்! இதை இப்படியே விட முடியாது. நான் பாத்துக்கறேன், நீங்க கவலைப்படாதீங்க."

மூன்றாம் நாள் என் வீட்டுக்கு இரண்டு உறைகள் வந்தன. ஒன்று இரண்டாம் நபருக்கு. இன்னொன்று மூன்றாம் நபருக்கு. கால் பிரிவில் அவசரப் பரிசோதனை, வரும் வெள்ளிக்கிழமை காலை ஒன்பதரை மணி, தவறாமல் வரவும்.

கொழுந்தியாள் இரண்டையும் படித்தாள். தையல் மெஷின் பக்கம் போய், பலகையில் இருந்த அந்தத் தேதியை விரலால் தொடப் போய், தொடாமல் கையை எடுத்துக்கொண்டாள்.

"அக்காவுக்குப் பதினோரு வாரம்" என்றாள். "இல்லாத ஆளுங்களுக்கு அஞ்சே நாள்."

"கிழிச்சுப் போட்டுடலாமா?"

"வேணாம் அத்தான். போகலைன்னா என்ன எழுதுவாங்கன்னு உங்களுக்குத் தெரியாதா? யாராவது ஒருத்தர் போகணும்."

வெள்ளிக்கிழமை அவளுக்கு டியூட்டி. நான் போனேன். கால் பிரிவின் வராந்தாவில் பெஞ்சு பெஞ்சாக ஆட்கள். பாதிப் பேர் காலில் கட்டு. ஒன்பதரைக்குக் கதவு திறந்தது. "இரண்டாம் நபர்!" என்று நர்ஸ் கூப்பிட்டார். நான் எழுந்து போனேன்.

கால் டாக்டர் முகத்தை நிமிர்ந்து பார்க்கவில்லை. செருப்பைக் கழற்றச் சொன்னார். என் பாதத்தை மடியில் வைத்துக்கொண்டார். ஒவ்வொரு விரலாக விரித்துப் பார்த்தார். நைலான் இழையால் தொட்டு, தெரிகிறதா தெரிகிறதா என்று கேட்டார். கட்டைவிரலுக்குக் கீழே அழுத்தி, கொஞ்ச நேரம் விரலை அங்கேயே வைத்திருந்தார். இருபது நிமிடம் பார்த்தார். கைகள் இதமாக இருந்தன. நல்ல டாக்டர். அதில் குறை சொல்ல ஒன்றும் இல்லை.

"ஒண்ணும் இல்ல, கால் நல்லா இருக்கு" என்றார் பாதத்தைப் பார்த்தபடியே. "சரியான நேரத்துல வந்துட்டீங்க. இப்படி வந்தா எந்தக் காலையும் காப்பாத்திடலாம். சில பேர் இருக்காங்க, சொன்னா கேக்கவே மாட்டாங்க. எல்லாம் முத்தினப்புறம் வந்து நிப்பாங்க."

செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே வந்தேன். என் இடம் இன்னும் காலியாகத்தான் இருந்தது. உட்காருவதற்குள் கதவு மறுபடி திறந்தது.

"மூன்றாம் நபர்!"

வராந்தாவில் யாரும் எழவில்லை. நர்ஸ் கையில் இருந்த கோப்பைத் திறந்து, பேனாவின் மூடியைக் கழற்றினார்.

"இருக்கேன்" என்றேன். உள்ளே போய் மறுபடியும் செருப்பைக் கழற்றினேன்.